திங்கட்கிழமை அந்த அறைக்குள் போவதற்கு முன்

சிரஞ்சீவி நடராஜனுக்கு,

இவ்விடம் அனைவரும் சுகம் என்று தொடங்குவதுதான் முறை. எத்தனையோ வருஷமாக அப்படியே எழுதிப் பழகிய கைதான், இன்றைக்கு அந்த வரியை எழுத வரவில்லை. உன் அம்மா சுகம். உன் குழந்தை நேற்று அதன் அம்மா ருக்மணியின் பக்கத்தில் பாயில் குப்புற விழுந்தது. தலையை நிமிர்த்திக்கொண்டு எங்களையெல்லாம் முறைத்துப் பார்த்தது. ருக்மணி அப்படியேதான் இருக்கிறாள். நீ போன ஞாயிறு பார்த்துவிட்டுப் போனதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. என் சமாசாரத்தைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. நீ ஞாயிறு சாயந்தர வண்டியில் வருவாய், அப்போது நேரில் சொல்லலாமே என்று இரண்டு நாள் யோசித்தேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால்தான் வியாழக்கிழமை காலையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். சனிக்கிழமைக்குள் தங்கவயலில் உன் கைக்குக் கிடைத்துவிடும்.

டாக்டரிடம் கொடுப்பதற்காக நீ ஆபீசில் டைப் அடித்து அனுப்பிய மூன்று பக்கத்தையும் படித்தேன். இங்கிலீஷில் தப்பு இருந்தால் திருத்தச் சொல்லியிருந்தாய். ஒரே ஓர் இடத்தில் எழுத்துப்பிழை, மற்றபடி உன் மானேஜரே எழுதியதுபோல இருக்கிறது. என்றைக்குச் சாப்பாடு குறைந்தது, என்றைக்குத் தூக்கம் போனது, என்றைக்கு யாருடனும் பேசுவதை நிறுத்தினாள், எல்லாம் தேதிவாரியாக இருக்கிறது. ருக்மணிக்குத் தமிழ் தவிர வேறொன்றும் தெரியாது, டாக்டருக்குக் கன்னடமும் இங்கிலீஷும்தான், ஆகவே நீயே பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எடுத்துச் சொல்லிவிடுவதாகவும் எழுதியிருக்கிறாய். நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறாய். ஆனால் அதை மூன்று தரம் மடித்து வைத்து, மூன்று தரம் பிரித்துப் படித்தேன். நானும் அந்த ஆஸ்பத்திரி அறையில் இப்படித்தான் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை நாம் போகப்போகிற அந்தப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் நான் குமாஸ்தாவாக இருந்தேன் என்பதுதான் உனக்குத் தெரியும். நாலாவது வகுப்பு படிக்கும்போது, பள்ளிக்கூடத்தில் உன்னை ‘ஹுச்சாஸ்பத்ரே’ பிள்ளை, பைத்தியக்கார ஆஸ்பத்திரிப் பிள்ளை என்று கன்னடத்தில் கேலி செய்தார்கள் என்று அழுதுகொண்டு வந்தாய். நான் ஆறுதல் சொல்லாமல், அந்தச் சம்பளத்தில்தான் நீ சோறு தின்கிறாய் என்று முதுகில் ஓர் அடி வைத்தேன். அதற்கப்புறம் நீ என் வேலையைப் பற்றிக் கேட்டதே இல்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன். ரிஜிஸ்தர் எழுதுவது பாதி வேலைதான். மீதிப் பாதி, துபாஷி வேலை. கன்டோன்மென்ட் பக்கத்திலிருந்தும் எல்லை ஊர்களிலிருந்தும் வருகிறவர்களில் பலர் தமிழ் பேசுகிறவர்கள். அப்போது இருந்த வெள்ளைக்கார டாக்டருக்குத் தமிழில் நாலு வார்த்தை தெரியும், அதில் இரண்டு திட்டுகிற வார்த்தை. அவர் கேட்பதைத் தமிழில் கேட்டு, அவர்கள் சொல்வதை இங்கிலீஷில் சொல்ல வேண்டியது நான்.

புதிதாக ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன், கேள். வந்தவரை வராந்தாவில் ஆயாவோடு நிற்க வைத்துவிட்டு, கூட்டிக்கொண்டு வந்த உறவுக்காரர்களை முதலில் உள்ளே கூப்பிடுவார் துரை. எத்தனை நாளாக, என்ன செய்கிறார், யாரையாவது அடித்தாரா, குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா. அவர்கள் சொல்லச் சொல்ல அரைப் பக்கம் நிரம்பிவிடும். அதற்கப்புறம்தான் அவரை உள்ளே அழைப்பார்கள். அவர் நாற்காலிக்கு வருவதற்குள்ளேயே துரை பாதி முடிவு கட்டியிருப்பார். இன்றைக்கு என்ன கிழமை, இது எந்த ஊர், ராஜா யார் என்று கேட்பார். பயத்தில் இருக்கிறவனுக்குத் தன் பெயரே மறந்து போகும், இதில் கிழமை எங்கே ஞாபகம் இருக்கும்? உறவுக்காரர்களும் வெளியே போகமாட்டார்கள். சுவரோரம் நின்று, அவர் ஒரு வார்த்தை சொன்னால் இவர்கள் இரண்டு வார்த்தை திருத்துவார்கள்.

எல்லை ஊரான அத்திபெலேயிலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயசிருக்கும். புருஷனும் அவனுடைய அண்ணனும் கூட வந்திருந்தார்கள். அண்ணன் புளி மண்டி வைத்திருப்பவன். கோட்டும் சரிகைத் தலைப்பாகையுமாகத் துரைக்கு எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான். நாலு மாசமாகத் தூங்குவதில்லை, சோறு இறங்குவதில்லை, ராத்திரியில் அறைக் கதவுக்கு எதிரே அம்மிக்கல்லை இழுத்துப் போடுகிறாள் என்றெல்லாம் அவன்தான் சொன்னான். பிறகு அவளை உள்ளே கூப்பிட்டார்கள். ஏன் தூங்குவதில்லை என்று துரை கேட்டார், நான் கேட்டேன். அவள் துரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். தமிழ் பேசுகிறவன் நான் ஒருவன்தானே. குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “எங்க வூட்டுக்காரரு மண்டிக்குப் போயிட்டா, இவரு வந்து கதவைத் தட்றாருங்க. இவருதான். எங்க மாமியாகிட்டச் சொன்னா என் வாயில சூடு போடுவேன்றாங்க. நீங்க துரைகிட்டச் சொல்லுங்க.”

இவர் என்று அவள் சொன்ன ஆள் மூன்றடி தூரத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குக் காது சூடேறிவிட்டது. நல்ல குடும்பத்தில் பிறந்தவன் நான், இந்த அசிங்கத்தை ஒரு வெள்ளைக்காரன் முன்னால் என் வாயால் எப்படிச் சொல்வது, நம்மவர்களைப் பற்றி அவன் என்ன நினைப்பான் என்றுதான் அந்த நிமிஷம் தோன்றியது. அந்த மண்டிக்காரனைக் கண்டு பயமும் இருந்தது, அதையும் மறைக்க வேண்டாம். ராத்திரியில் யாரோ கதவைத் தட்டுகிறார்களாம் என்று இங்கிலீஷில் சொன்னேன். யார் என்பதை விட்டுவிட்டேன். துரை தலையை ஆட்டிக்கொண்டு, இல்லாத சத்தங்கள் காதில் கேட்கின்றன என்று எழுதினார். நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்போதுகூட ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும், அவர் அடித்துவிட்டு எழுதியிருப்பார்.

அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். ஒரே மாசத்தில் நன்றாகச் சாப்பிட்டாள், தூங்கினாள், பெண்கள் வார்டில் மற்றவர்களுக்குத் தலை பின்னிவிட்டாள். தட்டுகிறவன் அங்கே இல்லை, வேறென்ன? மருந்து பலித்துவிட்டது என்று துரைக்குச் சந்தோஷம். மூன்றாம் மாசம் குணமாகிவிட்டது என்று எழுதி, அதே இரண்டு பேருக்குச் சொல்லி அனுப்பி அவளை ஒப்படைத்தார்கள். கையெழுத்து வாங்கியது நான். ஜட்காவில் ஏறுவதற்கு முன்னால் என் மேஜைக்கு வந்து, “ஐயா, அன்னைக்கு நான் சொன்னதைச் சொன்னீங்களா?” என்று கேட்டாள். சொன்னேன் என்றேன்.

மழைக்காலம் முடிந்து புருஷன் மட்டும் வந்தான். அவள் கிணற்றில் விழுந்து போய்விட்டாளாம். போலீசில் கேட்கிறார்கள், அவளுக்குச் சித்தம் சரியில்லை என்பதற்கு ஆஸ்பத்திரிக் காகிதம் வேண்டும் என்றான். துரை உத்தரவு போட்டார். அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக் கொடுத்தது என் கைதான். இல்லாத சத்தங்கள் காதில் கேட்கின்றன என்ற வரியையும் என் கையெழுத்திலேயே எழுதி முத்திரை குத்திக் கொடுத்தேன். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன், உன்னோடு விளையாடினேன். உனக்கு அப்போது ஆறு வயசு. இதை இதுவரை உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

துரை சீமைக்குத் திரும்பிப் போன பிறகு ஒரு கன்னடக்கார டாக்டர் வந்தார். நீங்கள் திங்கட்கிழமை பார்க்கப்போகிறவர் அவர்தான். அவர் வந்த முதல் வாரம் என்னைக் கூப்பிட்டு, இனிமேல் உறவுக்காரர்கள் வராந்தாவில் இருக்கட்டும், வந்தவர் முதலில் உள்ளே வரட்டும் என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது, நேற்று வந்தவர் நமக்கு வேலை சொல்லிக்கொடுக்கிறாரே என்று. அவர் மேஜையை விட்டு எழுந்து வந்து, பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். எங்கே உட்கார வசதி என்று வந்தவரையே கேட்பார். கதவு தாழ்ப்பாள் போடவில்லை என்பதைக் காட்டுவார். தன் பெயரைச் சொல்லுவார். இன்றைக்கு அரை மணி நேரம் பேசுவோம், சொல்லப் பிடிக்காததைச் சொல்ல வேண்டாம், நான் இதில் எழுதுவதை உங்களுக்குப் படித்துக் காட்டுவேன் என்பார். அதற்குப் பிறகுதான், உங்களை இங்கே எதற்குக் கூட்டிக்கொண்டு வந்தார்கள் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்பார். பதில் வரும்வரை காத்திருப்பார். சில நாள் அவர் காத்திருக்கும் நேரத்தில் எனக்குக் கொட்டாவி வந்துவிடும்.

என் வேலையிலும் கை வைத்தார். அந்த அம்மாள் என்ன சொல்கிறார்களென்றால் என்று நான் ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டார். அவர்கள் ‘நான்’ என்றால் நீங்களும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும், ஒரு சொல்லைக்கூடத் துடைத்துச் சுத்தம் செய்யக்கூடாது என்றார். மீசை வைத்த ஆம்பிளை, ‘நான் பிரசவத்துக்கு அப்புறம்’ என்று ஆரம்பித்துச் சொல்ல எவ்வளவு வெட்கப்பட்டிருப்பேன் என்று யோசித்துப் பார். ஒரு மாசம் நாக்கு புரளவில்லை. ஆனால் அப்படிச் சொல்லும்போது, விட்டுவிடலாம் என்கிற எண்ணமே வராது. நம் வாயாலேயே நம் கஷ்டத்தைச் சொல்கிறதுபோல இருக்கும். முடிவில் எப்போதும் ஒரு கேள்வி கேட்பார்: நான் கேட்காமல் விட்டது ஏதாவது உண்டா? அந்தக் கேள்விக்குத்தான் பல பேர் அழுவார்கள். அத்திபெலேப் பெண்ணைப் பற்றி அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று பதினோரு வருஷம் நினைத்துக்கொண்டே இருந்து, ரிடையர் ஆகிவிட்டேன்.

இப்போது உன் காகிதத்துக்கு வருகிறேன். இரண்டாம் பக்கத்தில், குழந்தையை யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஒரு காரணமும் இல்லாமல் நம்புகிறாள் என்று எழுதியிருக்கிறாய். போஸ்ட்மேன் வந்தால் உள்ளே ஓடுகிறாள், உன் அம்மா கையில்கூடக் குழந்தையைத் தருவதில்லை, குளிக்கும்போதும் கண்ணெதிரே படுக்கவைத்துக்கொள்கிறாள் என்பதெல்லாம் உண்மைதான். காரணமில்லாமல் என்பது மட்டும் உண்மையில்லை. அந்தக் காரணம் நான், நடராஜா.

குழந்தைக்கு நாற்பது நாள் ஆகியிருந்தது. தாயில்லாத பெண் என்று பிரசவத்தையும் நாம் இங்கேயே பார்த்தோம் அல்லவா. ஒரு நாள் மத்தியானம் உன் அம்மா மண்ணெண்ணெய் வரிசையில் நிற்கப் போயிருந்தாள். காலையிலிருந்து குழந்தை ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. ருக்மணி அதைத் தூக்கிக்கொண்டு நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து நின்றாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது. “மாமா, இதை யாராவது எடுத்துக்கிட்டுப் போனா தேவலை. என்னால முடியல. கிணத்தாண்ட தண்ணி சேந்தும்போது எனக்கு என்னமோ ஆவுது மாமா” என்றாள்.

இந்த வீட்டில் வேறு யாரிடமும் சொல்ல முடியாமல், மாமனார் என்றும் பாராமல் என்னிடம் வந்து சொன்னாள். பதினோரு வருஷம் அந்த டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்தவன், உட்காரம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? கிணறு என்ற சொல் காதில் விழுந்ததும் அத்திபெலேப் பெண்தான் ஞாபகத்துக்கு வந்தாள். இவளும் போய்விடுவாள் என்று நினைத்தேன். எழுந்து நின்று கத்தினேன். “இன்னொரு வாட்டி இந்தப் பேச்சு வாயில வந்துதுன்னா, எங்க ஆஸ்பத்திரிக்குத்தான் இட்டுக்கினு போவாங்க. கொழந்தையைக் கையிலேர்ந்து பிடுங்கிடுவாங்க. நான் கண்ணால பார்த்திருக்கேன்” என்றேன். அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டு உள்ளே போனாள். சாயந்தரமே கிணற்றுக்குப் பலகை போட்டு மூடி ஆணி அடித்தேன், பூனை விழுந்துவிடும் என்று உன் அம்மாவிடம் பொய் சொன்னேன். அன்றிலிருந்துதான் அவள் பேசுவதில்லை. உன் தேதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நீ ஒரு வாரம் தள்ளிப் போட்டிருக்கிறாய், அவ்வளவுதான்.

நாலு மாசமாக அவள் பயந்துகொண்டிருக்கிற அதே இடத்துக்கு, அவளைக் குழந்தையோடு வருகிற திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு போகிறோம். நீ பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் காகிதத்தைக் கொடுக்கப்போகிறாய். அவள் வாய் திறந்தால் குழந்தை போய்விடும் என்று நினைத்து வாயே திறக்கமாட்டாள். பேசாதவள் என்று எழுதிக்கொள்வார்கள். நேற்று ராத்திரி முழுதும் இதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். இந்தப் பயத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது இதுதான். அந்தக் காகிதத்தை முதலில் நீட்டாதே. டாக்டர் கேட்டால், பிறகு தருகிறேன் என்று சொல். நீ துபாஷியாக இருக்க வேண்டாம், நானும் வேண்டவே வேண்டாம். அங்கே கன்டோன்மென்ட் பக்கத்து ப்ளாக்பள்ளியிலிருந்து வருகிற தமிழ் நர்சம்மா ஒருவர் இருக்கிறார், மாதா கோயில்காரர், நல்ல மாதிரி. அவரைத் துபாஷியாக வைக்கச் சொல்லிக் கேள். குழந்தை ருக்மணியின் மடியிலேயே இருக்கட்டும். அவள் ஏதாவது தேதியைத் தப்பாகச் சொன்னால் நீ திருத்தாதே, உனக்கு அந்தக் கெட்ட பழக்கம் என்னிடமிருந்து வந்திருக்கிறது. நம் வீட்டைப் பற்றியும், உன் அம்மாவைப் பற்றியும், உன்னைப் பற்றியும் அவள் என்ன சொன்னாலும் வெட்கப்படாதே.

இவ்வளவும் எழுதிவிட்டு, போய் அவளிடமே பேசிவிடலாம் என்று எழுந்தேன். உன் அம்மா கடைக்குப் போயிருந்தாள். ருக்மணி அடுப்படியில் ஒரு கையால் குழந்தையை அணைத்தபடி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உள்ளே போகாமல் வாசற்படியிலேயே தரையில் உட்கார்ந்தேன். அவள் திடுக்கிட்டு நகர்ந்தாள். அன்றைக்கு நான் சொன்னது தப்பு, பயத்தில் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள் அம்மா என்றேன். மருமகளிடம் இப்படிப் பேசுவேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. அவள் மிச்சக் கீரையையும் ஆய்ந்து முடித்தாள். நானும் எழுந்திருக்கவில்லை.

பிறகு, “அப்போ கொழந்தையைப் பிடுங்கமாட்டாங்களா மாமா?” என்று கேட்டாள். நாலு மாசத்தில் நான் கேட்ட முதல் வாக்கியம் அது. மாட்டார்கள் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. ஆனால் என் நாளில் பெண்கள் வார்டில் கைக்குழந்தையை வைத்துக்கொள்ளும் வழக்கம் இல்லை. டாக்டர் அவளை அங்கேயே இருக்கச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஒருத்திக்குப் பொய் சொல்லி அனுப்பியது போதும். “தெரியலம்மா. கேக்கணும்” என்றேன்.

அவள் தலைநிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அழவில்லை, கோபமும் இல்லை. “நீங்களும் வாங்க மாமா. அன்னைக்கு என்கிட்டச் சொன்னீங்களே, அதை அப்படியே அந்த டாக்டர் எதிர்ல நீங்க சொல்லுங்க. அப்புறமா நான் பேசறேன்” என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டேன். நீயும் அவளும் குழந்தையும் அந்த அறையில் இருப்பீர்கள். எனக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் வெளியே நடமாடிக்கொண்டிருப்பார்கள். நான் அந்த டாக்டர் முன்னால் நோயாளியின் நாற்காலியில் உட்கார்ந்து, நான் என்று ஆரம்பித்துச் சொல்ல வேண்டும். எனக்கு மிகவும் பயமாக இருக்கிறது, நடராஜா. பாதியில் நான் ஏதாவது வார்த்தையை விட்டுவிட்டால், அவள் வாய் திறப்பதற்குள் நீ என்னைத் திருத்து.

உன் அப்பா